ஓட்டும் முறையைக் கவனிக்கவும்

என் அக்கா புருஷனை ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாராட்டி வைத்த பெயரா, கிண்டலுக்கு வைத்த பெயரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு பல்பு மாற்ற வந்த வண்டிக்குள் இரண்டு மணி நேரம் தலையை விட்டுக்கொண்டு நிற்கிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? எனக்கு அவர் மாமா. வீட்டிலும் மாமா, வேலையிலும் மாமா. அவர் உள்ளே வண்டிகளின் கரண்ட் கோளாறுகளைப் பார்க்கிறார். நான் முன்னறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஜாப் கார்டு எழுதுகிறேன், வண்டிக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். பதினோரு வருஷமாக இரண்டு பேரும் இதைச் செய்கிறோம். சாயந்தரம் ஒரே பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். சண்டை ஒன்றும் இல்லை. வாயைத் திறக்கத் தெம்பு இருக்காது.

மாமாவுக்கு ஐம்பத்தேழு வயது. வலது முழங்கால் மடங்காது, மடங்கிவிட்டால் நிமிராது. அதனால் மத்தியானச் சாப்பாடு கூட நின்றுகொண்டேதான். சின்ன வயதில் வீடுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தவர். யாரோ காருக்கு ஹாரன் மாட்டக் கூப்பிட்டார்கள் என்று போனவர், அதோடு சரி, வீட்டு வேலைக்குத் திரும்பவில்லை. வண்டிகளுக்குள் கம்ப்யூட்டர் புகுந்தபோது கூட வேலை பார்த்தவர்கள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். மாமா திட்டவில்லை. வயர் என்று இருந்தால் இந்த முனையில் ஒன்று இருக்கும், அந்த முனையில் ஒன்று இருக்கும், நடுவில் எங்காவது தப்பு இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பார். அவர் படித்த படிப்பு மொத்தமும் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே இவ்வளவு காலம் ஓட்டிவிட்டார்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. தொங்குகிற வயரைக் கண்டால் பொறுக்காது. வீட்டில் டிவிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், மோட்டார் ஸ்விட்சுக்கு மேலே, எங்கே பார்த்தாலும் வயர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும். கல்யாணத்தன்று போட்டோக்காரரின் லைட் வயர் தரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தது என்று மாப்பிள்ளை எழுந்துபோய் அதைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாராம். “அன்னைக்கே நான் சுதாரிச்சிருக்கணும்டி” என்று அக்கா இப்போதும் தலையில் அடித்துக்கொள்வாள். வண்டியிலும் அப்படித்தான். யார் வேலை பார்த்த வண்டியாக இருந்தாலும் சரி, மாமா கைக்கு வந்தால் வயர்களை ஒன்று சேர்த்து, பல் வைத்த பிளாஸ்டிக் கேபிள் டையைப் போட்டு இறுக்கி, மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கும் வாலை பிளேடால் ஒட்ட நறுக்கிவிடுவார். மற்றவர்கள் கட்டிங் பிளேயரால் வெட்டுவார்கள். கூர் நிற்கும், கையைக் கிழிக்கும். மாமா நறுக்கிய இடத்தைத் தடவினால் வெண்ணெய் மாதிரி இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் கூட உண்டு.

இப்போது டிரைவருக்கு வருகிறேன். அறுபத்தொரு வயது மனிதர். வாடகைக் கார் ஓட்டுகிறார், முப்பத்தெட்டு வருஷமாக. வெள்ளை நிற டர்போ டீசல் கார். ரயிலடியில் ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டுமேலே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவதுதான் பெரும்பாலும் அவர் பிழைப்பு. நான்கு மாதத்துக்கு முன்னால் இந்தக் குறையோடு முதல் தடவை வந்தார். மேட்டில் ஏறும்போது திடீரென்று வண்டி தொய்ந்துவிடுகிறது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது, நிறுத்தி சாவியைத் திருப்பி மறுபடி எடுத்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடுகிறது என்றார்.

டர்போ என்பது, இன்ஜின் விடுகிற புகையின் வேகத்திலேயே சுழன்று இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கிற சின்னச் சக்கரம். எவ்வளவு திணிக்கிறது என்று அளந்து சொல்ல ஒரு சென்சார் உண்டு. சென்சார் சொல்வது ஏறுக்குமாறாக இருந்தால் கம்ப்யூட்டர் ‘நமக்கெதற்கு வம்பு’ என்று டர்போவை அடக்கிவிடும். வண்டி நகரும், ஆனால் மேடு ஏறாது. கூடவே, என்ன கோளாறு என்பதற்கு அடையாளமாக ஒரு கோடு நம்பரையும் எழுதி வைத்துக்கொள்ளும். மாமா அதைப் படிக்கிற ஸ்கேனரைச் செருகினார். காற்றழுத்த சென்சார் என்று கோடு வந்தது. புது சென்சார் மாட்டினார், கோடு நம்பரை அழித்தார், அனுப்பினார். அதில் தப்பே கிடையாது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். அன்றைக்கு உள்ளே ஏழு வண்டி நின்றது. மாமாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கூட இருந்த இன்னொரு எலக்ட்ரீஷியன் வேலையை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஸ்கேனரில் அதே கோடு, ஆனால் விளக்கு எரியவில்லை. “பழைய கோடுப்பா. போன தடவ அழிக்க விட்டுப் போயிருக்கும்” என்றார் முதலாளி. “அழிச்ச மாதிரிதான் ஞாபகம்” என்று மாமா முனகினார். வண்டியைத் தனியாக எடுத்துக்கொண்டு ரவுண்டானா வரைக்கும் இரண்டு நடை போய்வந்தார். பஞ்சு மாதிரி ஓடியது. டிரைவர் என் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, “ஆளுங்கள ஏத்திக்கிட்டு போனாத்தான்மா வருது, காலி வண்டியில வராது” என்றார். நான் கேட்டேன். காதில் விழுந்தது. ஆனால் ஜாப் கார்டில் குறை எழுத இரண்டே வரிதான் இடம். ‘பிக்கப் இல்லை’ என்று எழுதினேன். எத்தனையோ பேருக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அப்புறம் முதலாளி சொன்னார். “வயசாயிடுச்சு அவருக்கு. கியர் மாத்தற நேரம் தெரியல, மிதிக்கவும் பயப்படறார். அப்படியே எழுதிடு. இல்லன்னா வாராவாரம் வந்து நிப்பார்.” நான் டைப் செய்தேன்: ‘வாகனத்தில் குறை இல்லை. ஓட்டும் முறையைக் கவனிக்கவும்.’ மாமா அதைப் படித்தாரா என்றால், படித்தார். கையெழுத்தும் போட்டார். அடுத்த வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அந்த வரியை டைப் செய்த கையால்தான் இதையும் எழுதுகிறேன். அதனால் யாரையும் பெரிதாகக் குறை சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

இரண்டு மாதம் அவர் வரவில்லை. தொல்லை விட்டது என்றுகூட நினைத்திருப்பேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார், மனைவியோடு. அந்த அம்மாதான் பேசினார். கையில் போன தடவை நாங்கள் டைப் செய்து கொடுத்த சீட்டு, மடித்து பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்திருந்தார்.

“ஆயில் மாத்தி, கழுவிக் கொடுத்தா போதும்மா. ஞாயித்துக்கிழமை வண்டி கைமாறுது. இவரு தம்பி மகன் எடுத்துக்கறான். இவர் இனிமே ஓட்டப் போறதில்ல.”

“ஏம்மா?” என்று கேட்டேன், வாய் சும்மா இருக்காமல்.

“ஏனா? நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க!” சீட்டை தடுப்புக்கு இந்தப் பக்கம் தள்ளினார். “ரெண்டு தடவ நடு மேட்டுல வண்டி நின்னு, நோயாளிய வெச்சுக்கிட்டு ஆளுங்க இறங்கி நடந்து போயிருக்காங்க. பின்னாடி லாரிக்காரன் கத்தறான். ஸ்டாண்டுல இவருக்கு மேட்டு ட்ரிப்பே கொடுக்கறதில்ல. வண்டியில கோளாறு, வண்டியில கோளாறுன்னு இவர் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நானும் நம்பினேன். அப்புறம் இத எம் பொண்ணு படிச்சுக் காட்டினா. பேரப்பிள்ளைங்கள இனிமே இவர் கூட அனுப்ப மாட்டேன்னுட்டா.”

டிரைவர் சுவரோரம் நின்றார். சொந்தக் கதையை யாருக்கோ நடந்தது மாதிரி கேட்டுக்கொண்டு நின்றார். ஸ்டூலை விட்டு எழுந்து உள்ளே போனேன்.

மாமா ஒரு வேனின் அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. குனிந்து விஷயத்தைச் சொன்னேன். கால் அசையவில்லை. தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்; அப்படியும் நடந்திருக்கிறது.

“ஆளுங்களோட போனாத்தான் வருதுன்னு சொன்னாரா?”

“ஆமா.”

“எப்போ சொன்னாரு?”

“போன தடவையே.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “கார்டுல ரெண்டு வரிதான் இருக்கு மாமா! அதுல அவர் சரித்திரமா எழுத முடியும்?” என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் யார் மேல் கோபம் என்று புரிந்தது. மாமா வெளியே நகர்ந்து வந்து, வேனைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எழுந்து நிற்க அவருக்கு அரை நிமிஷம் ஆகும். அதற்குள் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வெள்ளைக் காரில் ஸ்கேனரைச் செருகினார். அதே கோடு உட்கார்ந்திருந்தது. ஆனால் இந்தத் தடவை இன்னொரு பக்கத்தையும் திறந்தார். கோடு விழுந்த அந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும் பக்கம் அது. என்னை அருகில் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டாராம்.

“வேகம் இருபத்திரண்டு. ஆக்சிலரேட்டர் தொண்ணூத்தி நாலு சதவீதம். காத்தழுத்தம் பூஜ்யம். கிலோமீட்டர் இப்போ ஓடியிருக்கறதுக்கு நாப்பது கம்மி.”

“நாப்பது கிலோமீட்டருக்கு முன்னாடி விழுந்த கோடு. அப்போ பழைய கோடு இல்ல” என்றார் மாமா. “பூஜ்யமா? நல்லாப் பாரு.”

“பூஜ்யம்தான்.”

“சும்மா வெளிய இருக்கற காத்துக்கே நூறு காட்டும். பூஜ்யம்னா அங்க காத்தே இல்லன்னு அர்த்தம். சென்சார் கெட்டா தப்புத்தப்பா ஏதாவது சொல்லும். இது சொல்லவே இல்ல, வாய மூடிக்கிச்சு. அப்படின்னா வயரு.” ஸ்கேனரைக் கீழே வைத்தார். “இந்தப் பக்கத்த போன தடவ நான் திறக்கவே இல்ல.”

அப்புறம் நடந்தது கொஞ்சம் கூத்துதான். ஆள் ஏற்றிப் பார்க்க ஆள் வேண்டுமே. மாமா ஸ்டீயரிங்கில். பக்கத்தில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு நான். பின்னால் டிரைவர், ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்காரர், நடுவில் முதலாளி. முதலாளி ஒருத்தரே இரண்டு ஆள் எடை. “ஆயில் மாத்த வந்த வண்டிக்கு இவ்வளவு ஊர்வலமா?” என்று அவர் முணுமுணுத்தார். “உங்க எடை இன்னைக்காவது உபயோகப்படட்டும் முதலாளி” என்றார் ஸ்டோர்காரர். டிரைவர் சிரிக்கவில்லை. அவர் மனைவி வரமாட்டேன் என்று முன்னறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு ஏற்றம் உண்டு. அடிவாரத்தில் மாமா இரண்டாவது கியரைப் போட்டு முழுதாக மிதித்தார். நான் படித்துக்கொண்டே வந்தேன். நூற்றிருபது. நூற்றைம்பது. நூற்றெண்பது. பூஜ்யம். நான் பூஜ்யம் என்று சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி மூச்சு விட்ட மாதிரி தொய்ந்தது. மாமா மிதித்த கால் மிதித்தபடியே இருக்கிறது, வண்டி ஊர்கிறது. பின்னால் பால் வேன்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை.

“இதேதான்” என்றார் டிரைவர். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

மாமா காலை எடுத்தார். சென்சார் கணக்கு மறுபடி நூறுக்கு வந்தது. மிதித்தார், பூஜ்யம். விட்டார், நூறு. “சரி” என்று சாவியைத் திருப்பி வண்டியை மறுபடி உயிர்ப்பித்து, மெதுவாகத் திருப்பிக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து வைத்தார். முதலாளியை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். முக்கும்போது ஒரு பக்கமாகத் தூக்கும். ஆள் ஏறிய வண்டி மேடு ஏறும்போது நன்றாகவே தூக்கும். நானும் எட்டிப் பார்த்தேன். இன்ஜின் இரண்டு விரற்கடை எழும்பியது. சென்சாருக்குப் போகும் வயர் கொத்து துணி காயப்போடும் கொடி மாதிரி விறைத்து நின்றது. நகர இடம் இல்லை. பக்கத்து இரும்புச் சட்டத்தோடு சேர்த்து அதை யாரோ இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மேட்டிலும் இழுபட்டு இழுபட்டு, தோல் அப்படியே இருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. இன்ஜின் சும்மா இருந்தால் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும். முக்கினால் பிரியும்.

“போதும், அணைச்சிடுங்க” என்றார் மாமா.

அந்த கேபிள் டையை அவர் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. வால் ஒட்ட நறுக்கியிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முன்னறைக்குப் போய்ப் பழைய கார்டுகளைத் தேடிப் பார்க்கத் தேவையே இல்லை, இருந்தும் போய்ப் பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் அதே வண்டி கிளச் மாற்ற வந்திருக்கிறது. வேலை முடிந்ததும் கீழே ஒரு வரி, மாமாவின் எழுத்தில்: ‘தொங்கிய வயர்கள் ஒழுங்குபடுத்தப்பட்டன.’ யாரும் கேட்காமல் செய்த வேலை. அதற்குக் காசுகூடப் போடவில்லை.

நான் திரும்பி வந்தபோது மாமா அறுந்த இடத்தைப் பிரித்து, புதுத் துண்டு வயர் வைத்து ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை தாராளமாக வளைவு விட்டிருந்தார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பூசி மெழுகுவது அவர் தொழிலில் ஒரு பாதி, அவ்வளவுதான்.

“காரணம்ங்கற இடத்துல, வயர் பழசாகித் தேஞ்சு போச்சுன்னு போடு. பொய்யும் இல்ல. அவருக்கு வண்டி சரியாகணும், அவ்வளவுதானே? நிதானத்தோட பேர் எதுக்கு இதுல?”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்படித்தான் பட்டது. நான்கு வருஷ வண்டியில் வயர் தேயாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த டிரைவருக்குத் தெரியாதே. மாமாவுக்கு இந்த வயதில் இந்தப் பெயர் ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் எண்ணெய் மாற்றுகிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள், குனிந்து நிமிர முடியாத காலோடு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ‘வயர்’ என்று டைப் செய்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை.

அதற்குள் மாமா முன்னறைக்குள் வந்துவிட்டார். கையைக் கூடத் துடைக்கவில்லை. உள்ளங்கையில் அறுந்த வயர்த் துண்டும் வெட்டி எடுத்த கேபிள் டையும் இருந்தன. நேராக டிரைவரிடம் போனார். பெஞ்சில் பக்கத்தில் உட்காரப் பார்த்து, கால் மடங்காததால் நின்றபடியே பேசினார்.

“அண்ணே, இது நான் கட்டினது.”

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கிளச் மாத்த வந்தப்போ வயர் தொங்கிக்கிட்டிருந்துச்சு. அழகா இருக்கட்டும்னு இழுத்துக் கட்டினேன். இன்ஜின் ஆடறதுக்கு இடம் விடல. அதனால உள்ள அறுந்துபோச்சு. உங்க வண்டில குறை இருந்துச்சு. உங்க மேல குறை இல்ல. அந்தச் சீட்டுல கையெழுத்து போட்டதும் நான்தான். சரியா பாக்காமப் போட்டேன்.”

முதலாளி கதவோரம் நின்றவர் மெல்ல நகர்ந்துவிட்டார். அந்த அம்மா மாமாவைப் பார்த்தார், கையிலிருந்த வயரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான்தானே டைப் செய்தது என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

“எழுத்துல இருந்துச்சே” என்றார். “எழுத்துல இருந்ததால நான் நம்பினேன். இவர் தொண்ட தண்ணி வத்த சொன்னாரு. நான் சீட்டத்தான் நம்பினேன்.” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“அவள விடுங்க” என்றார் டிரைவர். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பேப்பர்ல போட்டா யாரா இருந்தாலும் நம்புவாங்க. நானே நம்பிட்டேன்.”

மாமா வயர் இருந்த உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

“கண் டாக்டர்கிட்ட போனேன். கண்ணு நல்லா இருக்குன்னாரு. அப்போ காலுதான்னு முடிவு பண்ணிட்டேன். தினம் காலைல இவ எந்திரிக்கறதுக்கு முன்னாடி, நாற்காலில உக்காந்து சுவத்துல காலை வெச்சு அழுத்திப் பாப்பேன். பலம் இருக்கா, இல்லையான்னு. நான் முழுசா மிதிக்கறேன்னு நெனச்சுக்கிட்டு பாதிதான் மிதிக்கறேனோன்னு. ரெண்டு மாசமா அதான் வேலை.”

“தொண்ணூத்தி நாலு” என்றார் மாமா. மறுபடி சொன்னார். “தொண்ணூத்தி நாலு சதவீதம் மிதிச்சிருக்கீங்க அண்ணே. வண்டியே குறிச்சு வெச்சிருக்கு. அதுக்கு மேல யாரும் மிதிக்க முடியாது.”

டிரைவர் தலையை ஆட்டினார். நம்பினாரா, மரியாதைக்கு ஆட்டினாரா, தெரியவில்லை.

நான் கார்டில் ‘வயர்’ என்பதை அழித்துவிட்டு, மாமா சொல்லச் சொல்ல அவர் பெயரோடு அப்படியே டைப் செய்தேன். இரண்டு வரிக்குள் அடங்கவில்லை, பின்பக்கத்திலும் ஓடியது. மாமா கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா பழைய சீட்டைக் கிழிக்கப்போனார். “வேணாம், எங்கிட்ட குடுங்க” என்று மாமா வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தம்பி மகனுக்கு போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று அந்த அம்மாவே சொன்னார், எங்கள் எல்லார் முன்னாலும், கொஞ்சம் சத்தமாகவே.

மாமாவை என்ன செய்வது என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை. அன்று சாயந்தரத்துக்குள் மாமா தான் கட்டிய அதே மாடல் வண்டிகளின் கார்டுகளை எடுத்துக் கொடு என்று என்னிடம் கேட்டுவிட்டார். பதினான்கு வண்டி. வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். திட்டு வாங்குவது நான்தான், வழக்கம்போல.

ஆனால் சொல்ல வந்தது அது இல்லை. வண்டியை எடுக்கும் நேரம் வந்தபோது டிரைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். “நீங்க கொஞ்சம் கேட்டுக்கு வெளிய எடுத்து விட்டுடறீங்களா?” என்று மாமாவிடம் கேட்டார். மாமா முடியாது என்று சொல்லவில்லை, சாவியை வாங்கவும் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அந்த அம்மா சுற்றிப் போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து நேராகப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து டிரைவரும் ஏறினார்.

வண்டி கேட்டைத் தாண்டியது. தெருவில் முதல் கியரிலேயே போனது. எங்கள் தெரு முடிவில் சின்ன ஏற்றம் ஒன்று இருக்கிறது, குழந்தை சைக்கிளில் ஏறுகிற அளவுதான். மாமா கேட்டில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வேகம் கூடவில்லை, கியர் மாறவில்லை. நல்ல இன்ஜின், நல்ல டர்போ, நல்ல வயர், இருந்தும் அந்த ஏற்றத்தின் அடியில் வண்டி தயங்கித் தயங்கி நின்றேவிட்டது. பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. பின்னால் எந்த வண்டியும் இல்லை.

“மிதிங்கண்ணே” என்றார் மாமா, அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும். “மிதிங்க.”